ஆங்கில இலக்கிய வகுப்புக்கு எதைக் கொண்டுபோவது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஆங்கில ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப்கள் வந்து குவியும். ஃபுல் மெட்டீரியல், மினிமம் மெட்டீரியல், ஸ்லோ லேர்னர்ஸ் மெட்டீரியல், மெமரி போயம் தனியாக, பாராகிராஃப் தனியாக. எங்கோ ஒரு ஊரில் ஓர் ஆசிரியர் ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்து, பைசா வாங்காமல் அனுப்பியிருப்பார். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மார்ச் மாதம் வந்தால் என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அவை தேர்வுக்கான பொருட்கள். ஒரு கவிதையை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையோடு ஒரு பீரியடைக் கழிக்க அவற்றில் ஒன்றும் கிடைக்காது.

கைடும் அப்படித்தான். கவிதையின் நாலு வரி, கீழே தமிழ் அர்த்தம், அதற்கும் கீழே இது சிமிலி, இது மெட்டஃபர், இது அலிட்டரேஷன் என்று ஒரு பட்டியல். கவிதையைத் தொடாமலேயே கவிதையைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம். கைடு வாங்குகிற பெற்றோரையோ அதை நம்பிப் படிக்கிற பிள்ளைகளையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்துக்குள் போக வேறு வழி கண்ணில் படாதவர்கள் கிடைத்த வழியில் போகிறார்கள்.

நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. பதினொன்றும் பன்னிரண்டும் என் வகுப்புகள். ஆள் பற்றாக்குறை வரும்போது பத்தாம் வகுப்பும் என் கைக்கு வரும். வகுப்புக்கு எதைக் கொண்டுபோனாலும் ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்வேன்: இது பிள்ளையைப் பாடத்துக்குள் அனுப்பப் போகிறதா, இல்லை பிள்ளைக்குப் பதிலாக இதுவே படித்துவிடப் போகிறதா? இரண்டாவது வகையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டுப் போவேன். டிஎல்எம் (கற்பித்தல் துணைப்பொருள்) கண்காட்சிக்கென்று தெர்மாகோலில் வெட்டி, வண்ணம் பூசி, கண்ணாடித்தாள் ஒட்டிய குளோப் தியேட்டரை (ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த லண்டன் அரங்கம்) எத்தனையோ பள்ளிகளில் பார்த்திருப்போம். அலமாரிக்கு மேலே தூசி படிந்து நிற்கும். அதைத் தொட்டால் உடைந்துவிடும் என்று பிள்ளைகளைத் தொடவே விடமாட்டார்கள். தொட முடியாத பொருளை வைத்துக்கொண்டு என்ன கற்பிப்பது?

எனக்குப் பலன் தந்தவை பெரும்பாலும் ஜெராக்ஸ் காசில் முடிந்துவிட்டன. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், இரண்டாம் அங்கம் ஏழாம் காட்சியில், ஜேக்வஸ் என்கிற பாத்திரம் பேசுவது. மனித வாழ்க்கையை ஏழு பருவமாகப் பிரித்துக் காட்டும். அந்தப் பேச்சைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, பருவத்துக்கு ஒன்றாக ஏழு துண்டுகளாக வெட்டுவேன். 'முதலில்', 'அப்புறம்', 'ஆறாவது' என்று வரிசையைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை மட்டும் கறுப்பு ஸ்கெட்ச்சால் அடித்துவிடுவேன். நாலைந்து பேருக்கு ஒரு கவர். வரிசைப்படுத்துங்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று வரியைக் காட்டுங்கள். வேலை அவ்வளவுதான்.

கைக்குழந்தையையும் பள்ளிக்கூடப் பையனையும் உடனே வைத்துவிடுவார்கள். பல் இல்லாத, கண் இல்லாத கடைசிப் பருவத்திலும் சிக்கல் இல்லை. சண்டை நடுவில்தான். சோல்ஜர் முன்னாடியா, நீதிபதி முன்னாடியா? அப்போதுதான் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும், இரண்டு துண்டிலும் தாடி இருக்கிறது என்று. சோல்ஜருக்குச் சிறுத்தையின் முகம் மாதிரி முரட்டுத் தாடி. நீதிபதிக்கு அளவாக, மரியாதையாகக் கத்தரித்த தாடி. இன்னொரு பிள்ளை வந்து, இரண்டிலும் 'ஃபுல் ஆஃப்' என்று வருகிறது மிஸ் என்று சொல்லும். ஆமாம். சோல்ஜருக்கு வாய் நிறைய வினோதமான சபதங்கள், நீதிபதிக்கு வாய் நிறையப் பழமொழிகள். ஒரே ஆள்தான்; தாடியும் பேச்சும் வயதோடு அடங்கியிருக்கின்றன. இதை நான் போர்டில் எழுதிப்போட்டிருந்தால் நோட்டில் ஒரு வரியாக இறங்கியிருக்கும். இப்போது அவர்களே தேடி எடுத்தார்கள். ஆறாவது பருவத்துக் கிழவனுக்கு, இளமையில் வாங்கிப் பத்திரமாக வைத்த காலுறை சுருங்கிப்போன காலில் தொளதொளவென்று தொங்குவதையும், அவன் குரல் மறுபடி சிறுபிள்ளையின் கீச்சுக் குரலாக மாறுவதையும் அவர்கள் இதே வேகத்தில் பிடித்துவிடுவார்கள்.

இந்த வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், இதுல பொம்பளைங்களே இல்லையே?" முதல் இரண்டு வரியைத் திரும்பப் படிக்கச் சொல்வேன். ஆண்களும் பெண்களும் எல்லோரும் நடிகர்கள் என்றுதான் தொடங்குகிறான். அடுத்த மூச்சில் 'அவன்' என்று ஆரம்பித்துவிட்டுக் கடைசிவரை அவனோடேயே போய்விடுகிறான். இதைப் பெண்பிள்ளைகள்தான் கண்டுபிடிக்கிறார்கள். பெண்ணுக்கு ஏழு பருவம் எழுதுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தால் வருகிற பக்கங்களை நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பேன். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் இருக்கும். ஆனால் ஐந்தாவது பருவத்தில் அடுப்படியும், ஆறாவதில் பேரப்பிள்ளையும், ஏழாவதில் மறுபடி யாரோ ஊட்டிவிடும் சோறும் வந்திருக்கும். ஷேக்ஸ்பியரின் அமைப்பை உள்வாங்காமல் அதை எழுத முடியாது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பாடநூல் நிறுத்தும் இடத்துக்கு அடுத்த வரி. ஜேக்வஸ் 'எல்லாம் இழந்து' என்று முடித்த அந்த நொடியில் மேடைக்குள் ஓர்லாண்டோ வருகிறான், வயதான வேலைக்காரர் ஆதாமைத் தூக்கிக்கொண்டு. அந்த மதிப்புக்குரிய சுமையை இறக்கி வையுங்கள், அவர் சாப்பிடட்டும் என்கிறார் பிரபு. முதுமை என்றால் ஒன்றுமே மிஞ்சாத நிலை என்று ஒருத்தன் பேசி முடித்த அதே இடத்தில், ஓர் இளைஞன் தோளில் ஒரு முதியவர் அன்போடு வந்து இறங்குகிறார். ஷேக்ஸ்பியர் ஜேக்வஸுக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் வசனத்தில் சொல்லாமல் ஆளை நடக்கவிட்டுச் சொல்லியிருக்கிறார். பாடப்பகுதியை மட்டும் படித்த பிள்ளை இந்தப் பேச்சை ஷேக்ஸ்பியரின் கருத்து என்று எழுதும். அந்த மூன்று வரியைச் சேர்த்துக் கொடுத்தால், 'இது ஜேக்வஸ் பார்வை, நாடகம் வேற சொல்லுது' என்று எழுதும். இலக்கியப் பாடத்தில் இதைவிடப் பெரிய பாடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. வாஷிங்டனில் இருக்கும் ஃபோல்ஜர் நூலகம் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அத்தனையையும் வரி எண்ணோடு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பாடநூலில் எந்தத் துண்டு வந்தாலும் அங்கே போய் முன்னும் பின்னும் ஒரு பக்கம் படித்துவிடுவது என் பழக்கம்.

அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே வரும் தோரு தத்தின் 'அவர் காசுவரினா ட்ரீ', அதாவது 'எங்கள் சவுக்கு மரம்'. எங்கள் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை. அந்த வகையில் இந்தக் கவிதைக்கு நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். கல்கத்தாவில் பாக்மாரி தோட்ட வீட்டில் நின்ற ஒரு சவுக்கு மரத்தைப் பற்றி அவர் எழுதினார். மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி மரத்தைச் சுற்றி நட்சத்திரம்வரை ஏறுகிறது. விடியற்காலையில் உச்சியில் ஒரு குரங்கு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதன் குட்டிகள் கீழ்க்கிளைகளில் குதிக்கின்றன. இந்தப் பகுதியெல்லாம் நம் பிள்ளைகளுக்கு அகராதிகூடத் தேவையில்லை. திணறுவது மூன்றாவது பத்தியில். மரம் புலம்புகிறது என்கிறார், அது கூழாங்கல் கரையில் கடல் உடைவது போல இருக்கிறது என்கிறார்.

அந்தப் பத்திக்கு முன்னால் வகுப்பைச் சவுக்கு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினால் பத்து நிமிஷ வேலை. புத்தகம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், கேட்பதை எழுதுங்கள், தமிழிலும் எழுதலாம். மழை வருகிற சத்தம் என்று எழுதுவார்கள். தூரத்தில் பஸ் போகிறது என்று எழுதுவார்கள். யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்று ஒரு பிள்ளையாவது எழுதும். கடல் என்று பாதிப் பேர் எழுதுவார்கள், கடலோரத்துப் பிள்ளைகள் ஆயிற்றே. வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் இந்தச் சத்தம் வராது. சவுக்கின் இலை என்று நாம் நினைப்பது இலையே இல்லை. ஊசி மாதிரி மெல்லிய பச்சைக் கிளைகள், கணுக்கணுவாக இருக்கும், இழுத்தால் கணுவில் கழன்று வரும். ஆயிரக்கணக்கான அந்த ஊசிகளுக்குள் காற்று நுழைந்து வரும்போது அப்படி ஒரு ஒலி. ஒரு கிளையை ஒடித்து வகுப்புக்கும் எடுத்து வருவோம். கூழாங்கல் கரை எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது, எங்களுடையது மணல். அதனால் ஒரு இரும்பு வாளியில் கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் காட்டுவேன். மணல் கரை சத்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், 'இது இழுத்துக்கிட்டுப் போகுது மிஸ்' என்பார்கள். அது போதும்.

அதற்குப் பிறகு அந்தப் பத்தியை வாசித்தால், பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள்: மரம் எதுக்குப் புலம்புது? அந்தக் கேள்வி வரும்வரை கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை நான் வாய் திறந்து சொல்வதில்லை. வந்த பிறகு சொல்வேன். தோரு தத் 1856இல் பிறந்தவர். மரத்தடியில் அவரோடு விளையாடிய அண்ணன் அப்ஜு 1865இல் இறந்தார். அக்கா ஆரு 1874இல் இறந்தார். கடைசியாகத் தோரு 1877இல், 21 வயதில். இந்தக் கவிதை புத்தகமாக வந்தது அவர் போன பிறகு, 1882இல். பாடநூலில் இந்தக் குறிப்பு கவிதைக்கு முன்னாலோ பின்னாலோ 'அபவுட் தி போயட்' என்று ஒரு பெட்டியில் கிடக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். கேள்வி எழுந்த பிறகு அதே தகவலைக் கொடுத்தால் வகுப்பு அசையாமல் கேட்கிறது. எதைக் கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கவிதைதான். மழைக்காலத்தில் வெளியே போக முடியாவிட்டால், முன்பே போனில் பதிவு செய்து வைத்த சவுக்குக் காற்றைப் போட்டுக் காட்டுவேன். அதுவும் பரவாயில்லை, ஆனால் மரத்தடி மரத்தடிதான்.

காணொளியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப், 2018க்குப் பிறகு வந்த பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியீடு எல்லாமே நல்லதுக்குத்தான். ஆனால் பத்தாம் வகுப்பின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' கதையை எடுக்கும்போது கடல்பறவை வீடியோவை முதலில் போட்டால் கதை செத்துவிடுகிறது. பறக்கப் பயந்த குஞ்சு, பட்டினி, தாய்ப் பறவை அலகில் மீனோடு கிட்டே வந்து தொடாமல் நிற்கிறது. அங்கே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, இனி என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். குஞ்சு பசியில் தாவி விழும் என்று சிலர், தாய் இரக்கப்பட்டு ஊட்டிவிடும் என்று சிலர். அடித்துக்கொள்ளட்டும். படித்து முடித்த பிறகு, மீதி ஐந்து நிமிஷத்தில் வீடியோ போடலாம்; கதையில் வந்த எந்த அசைவு இதில் தெரிகிறது என்று தேடிப் பார்ப்பார்கள். பிள்ளை மனசில் ஒரு பறவை உருவாக விடுங்கள், அப்புறம் நிஜப் பறவையைக் காட்டலாம்.

நகைச்சுவைப் பாடம்தான் எடுக்கவே சிரமமானது. ஜேம்ஸ் தர்பரின் 'தி நைட் தி கோஸ்ட் காட் இன்' பத்தாம் வகுப்பில் இருக்கிறது. 1915 நவம்பர் 17 ராத்திரி ஒரு வீட்டில் நடக்கிற குளறுபடி. கீழே சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் காலடிச் சத்தம், மாடியில் அண்ணன் தம்பி, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஷூவை விட்டெறிகிற அம்மா, மேல் பரணில் தாத்தா. யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனசில் படம் வராததால் ஒரு பிள்ளைக்கும் சிரிப்பு வருவதில்லை. இதற்குச் சாக்பீஸ் போதும். வராண்டாவில் வீட்டுப் பிளானை வரைந்து, ஒவ்வொரு அறையிலும் ஒருவரை நிறுத்திவிட்டுப் பாடத்தை வாசிக்க வேண்டும். வாசிக்க வாசிக்க அவர்கள் நகர வேண்டும். பிளானை நான் வரையக் கூடாது, பாடத்தைப் பார்த்து அவர்களே வரைய வேண்டும். மாடிப்படி எங்கே என்பதற்கே மூன்று முறை திரும்பப் படிப்பார்கள். தாத்தா போலீஸ்காரரைச் சுடுவது மட்டும் விளங்காது. அவர் நினைப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, போலீஸ்காரர்கள் ஜெனரல் மீடின் படையிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். அந்தப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது, மீட் வடக்கின் தளபதி என்று ஒரு சிறு குறிப்பைக் கொடுத்துவிட்டால் சிரிப்பு தானாக வருகிறது.

'தி லாஸ்ட் லெசன்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அல்போன்ஸ் தோதே எழுதியது. 1870-71இல் நடந்த போரில் பிரான்சை ஜெர்மன் நாடான பிரஷ்யா தோற்கடித்து, அல்சாஸ் பகுதியையும் லொரேனின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. இனி பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு. ஆசிரியர் ஹாமெல் கடைசி பிரெஞ்சு வகுப்பை எடுக்கிறார். இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் எடுப்பதற்கு முன்னுரையே தேவையில்லை. 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் பாடத்தில் படித்திருப்பார்கள். புறாக்களையும் ஜெர்மனில் கூவச் சொல்வார்களோ என்று அந்தச் சிறுவன் யோசிக்கிற இடத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

அந்த உணர்ச்சியோடு பாடத்தை முடித்துவிடலாம். பலர் முடித்துவிடுகிறோம். நான் ஒரு பீரியட் கூடுதலாக எடுத்து இரண்டு தாள்களைக் கொடுப்பேன். ஒன்றில் ஐரோப்பா வரைபடம், ரைன் ஆற்றங்கரையில் அல்சாஸ். இன்னொன்றில் கதையில் வரும் பெயர்கள் மட்டும்: சிறுவன் ஃபிரான்ஸ், கிழவர் ஹவுசர், கொல்லர் வாக்டர். இவை எந்த மொழிப் பெயர் மாதிரி இருக்கின்றன? கொஞ்சம் தேடினால் ஜெர்மன் பெயர்கள் என்று தெரிந்துவிடும். அல்சாஸில் அன்றைக்குப் பெரும்பாலான மக்கள் வீட்டில் பேசியது அல்சேஷியன், ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்த பேச்சுமொழி. அப்படியென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு யாருடைய மொழி? உலகத்திலேயே அழகான மொழி பிரெஞ்சுதான் என்று ஹாமெல் சொல்லும்போது, அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி எங்கே போயிற்று?

இது கதையைக் கெடுக்கிறது என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் வாதாடியிருக்கிறார். கெடுக்கவில்லை என்பதே என் அனுபவம். படையோடு வந்து பள்ளிக்கூடத்தின் மொழியை மாற்றுவது அநியாயம் என்பதில் பிள்ளைகள் கொஞ்சமும் பின்வாங்குவதில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்: இந்தக் கதை 1873இல் புத்தகமாக வந்தது, தோற்ற வலி ஆறாத ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது, அதில் அவர் பார்க்காமல் விட்டதும் உண்டு. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளையோ தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையோ வகுப்பில் இருந்தால், அன்றைக்கு அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். இரண்டு ஜெராக்ஸ் தாளில் இவ்வளவும் நடக்கும்.

ஒலிக்கு வருகிறேன். ஆங்கிலக் கவிதை நம் பிள்ளைகளுக்குக் கண்ணால் மட்டுமே வந்து சேர்கிறது. சத்தம் போட்டு வாசிக்க நாமே கூச்சப்படுகிறோம், உச்சரிப்பைப் பற்றிய பயம். பன்னிரண்டாம் வகுப்பில் டென்னிசனின் 'யுலிசஸ்' கவிதையைத் தொடங்கும் முன் அவர் குரலையே போட்டுக் காட்டுவேன். 1890இல், 80 வயதில், எடிசனின் மெழுகு உருளையில் அவர் தன் 'சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' கவிதையை வாசித்திருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே கரகரப்பு, சொற்கள் பாதி காதில் விழாது. அது ஒரு குறையே இல்லை. அர்த்தம் தெரியாதபோது தாளம் மட்டும் கேட்கிறது: 'ஹாஃப் எ லீக், ஹாஃப் எ லீக், ஹாஃப் எ லீக் ஆன்வர்ட்.' இது என்ன சத்தம் என்று கேட்டால், குதிரை என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். குதிரைப்படையைப் பற்றிய கவிதை என்பதை நான் இன்னும் சொல்லியிருக்க மாட்டேன். அப்புறம் பெஞ்சைத் தட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பழைய கதைகளும் கவிதைகளும் ஏராளம். பலவகை உச்சரிப்புகள் இருக்கும். இத்தனை விதமாக ஆங்கிலம் பேசலாம் என்று காதால் கேட்ட பிள்ளைக்குத் தன் உச்சரிப்பின் மேல் இருக்கும் வெட்கம் குறைகிறது.

பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' உரைநடைக் கதையாக இருக்கிறது. நாடகத்தைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லும் வழக்கம் 1807இல் சார்லஸ் லாம்பும் மேரி லாம்பும் தொடங்கிய பாதையில் வருவது. கதை புரியும். ஆனால் புயல் போய்விடும். நாடகத்தின் முதல் காட்சி நடுக்கடலில், மூழ்கப்போகிற கப்பலில். அரசனும் பிரபுக்களும் மேல்தளத்துக்கு வந்து தொந்தரவு செய்கிறார்கள். கப்பலில் வேலை செய்கிற போசன், உள்ளே போங்கள், இந்த அலைகளுக்கு அரசன் என்ற பெயரெல்லாம் ஒரு பொருட்டா என்று விரட்டுகிறான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இந்த வரியை விளக்கவே வேண்டாம். அரைப் பக்கம் ஜெராக்ஸ், பாதி வகுப்பு புயல், கால் வகுப்பு மாலுமிகள், மீதிப் பேர் பிரபுக்கள். புயலின் வேலை, உள்ளங்கையைத் தேய்ப்பது, பெஞ்சைத் தட்டுவது, வசனம் காதில் விழாத அளவுக்குக் கத்துவது. மாலுமி கத்திப் பேசித்தான் ஆக வேண்டும். அந்தக் காட்சியின் வசனங்கள் ஏன் குட்டிக் குட்டியாக இருக்கின்றன என்று அப்போது அவர்களுக்கே தெரியும்.

மேடை எவ்வளவு பெரியது என்று கேட்பார்கள். தெர்மாகோல் வேண்டாம், மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். 1600இல் லண்டனில் ஃபார்ச்சூன் அரங்கம் கட்டப் போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. மேடை 43 அடி அகலம், முற்றத்தின் நடுப்பகுதிவரை நீண்டிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் இரண்டு பேரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்து நின்றால், பின்வரிசைக்குக் கேட்க எவ்வளவு குரல் வேண்டும் என்று தெரிகிறது. ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து பார்த்த பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. திறந்தவெளி, சுற்றிலும் சனம், பெண் வேஷம் கட்டும் ஆண், பார்ப்பவரிடம் நேராகப் பேசும் கட்டியங்காரன் என்று அவர்களே ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். இதில் நான் அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

தமிழில் பேச விடலாமா என்ற கேள்வி ஒவ்வொரு பயிற்சிக் கூட்டத்திலும் வரும். என் நிலை இது: யோசிப்பதும் வாதாடுவதும் எந்த மொழியிலும் நடக்கலாம், ஆதாரம் காட்டும்போது ஆங்கில வரியில் விரலை வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் நன்றாக யோசிக்கிற பாதி வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். பேசி முடித்த பிறகு எழுதும்போது ஆங்கிலத்துக்கு வருவார்கள், அப்போது எழுத ஏதாவது கையில் இருக்கும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. அலுவல் வேலை, புள்ளிவிவரம், ஸ்பெஷல் கிளாஸ், ரிவிஷன் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நானும் இருக்கிறேன். எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்வதில்லை, முடியவும் முடியாது. ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் தேர்ந்தெடுப்பேன். மற்றவை சாதாரணமாகத்தான் போகும். ஒருமுறை வெட்டிய துண்டுகளைக் கவரில் போட்டு, மேலே பாடத்தின் பெயரை எழுதி வைத்தால் அடுத்த வருஷம் ஜெராக்ஸ் செலவும் இல்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கேட்டாலும் கொடுக்கலாம். தேர்விலும் நட்டமில்லை: தாடியைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தப் பாராகிராஃபை மனப்பாடம் செய்யும் அவசியம் இருப்பதில்லை.

இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பின் 'தி ஹாலோ கிரவுன்' பகுதிக்கு ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'ரிச்சர்ட் தி செகண்ட்' நாடகத்தில், படை கலைந்துபோன செய்தி கேட்ட அரசன், வாருங்கள் தரையில் உட்கார்ந்து செத்துப்போன அரசர்களின் சோகக் கதைகளைப் பேசுவோம் என்கிறான். அவன் தரையில் உட்கார்ந்தால், அரசனுக்கு முன்னால் நிற்கும் பிரபுக்கள் என்ன செய்வார்கள்? கூடவே உட்காருவார்களா, குனிந்து நிற்பார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? பாடநூலில் அதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. பிள்ளைகள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு அட்டைக் கிரீடம், அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் போதும் என்று நினைக்கிறேன். இந்தப் பகுதியை ஏற்கனவே நடிக்கவைத்துப் பார்த்த ஆசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் வகுப்பில் பிரபுக்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.